கூரைமேல் கயாக்: எந்தக் கட்டு எதற்கு?

காரின் கூரையில் கயாக் ஏற்றுகிறவர்கள் பெரும்பாலும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இறுக்கமாகக் கட்டியாயிற்றா? அதற்கு முன்னால் கேட்க வேண்டியது இன்னொன்று: படகு எந்தத் திசையில் நகரப் பார்க்கும், அந்தத் திசையில் அதைத் தடுப்பது எது?

எதிர்க்காற்று படகின் மூக்கைத் தூக்கும். லாரி கடந்து போகும்போதும் பாலத்தின் மேலும் பக்கக்காற்று குறுக்கே தள்ளும். சட்டென்று பிரேக் போட்டால் படகு முன்னால் வழுக்கும்.

கேரியரின் இரண்டு குறுக்குக் கம்பிகளிலும் கட்டும் பட்டைகள்தான் முதல் பிடி. பட்டை படகின் உடலைச் சுற்றிவந்து கம்பிக்கு அடியில் நுழைந்து திரும்ப வேண்டும். கைப்பிடியில் மட்டும் கோத்தால் போதாது. கம்பிகள் தள்ளித் தள்ளி இருந்தால் படகின் ஆட்டம் குறையும். இங்கே ராட்செட் பட்டை வேண்டாம். அதன் நெம்புகோல் கைபலத்தைப் பல மடங்காக்கிவிடும். வெயிலில் இளகும் பாலிஎத்திலீன் படகு நசுங்கிப் போகும். கையால் இழுத்துப் பூட்டும் கேம் பக்கிள் பட்டையே போதும்.

பட்டைகள் படகைக் கேரியரோடுதான் பிணைக்கின்றன. கேரியரே கழன்றால்? அதற்காகத்தான் முன்னும் பின்னும் இரண்டு கயிறுகள். இவற்றைக் காரின் டோ ஹூக் போன்ற உறுதியான இடத்தில் கட்ட வேண்டும், பிளாஸ்டிக் பம்பரில் அல்ல. மூக்கு எழும்பாமலும் படகு முன்பின் நகராமலும் காப்பவை இவைதான். தொய்வு நீங்கினால் போதும். மூக்கு வளையும் அளவுக்கு இழுக்கக் கூடாது. மிச்சக் கயிறு சக்கரத்தில் சிக்காதபடி சுருட்டிக் கட்டிவிடுங்கள்.

கூரை எவ்வளவு தாங்கும் என்பது காரின் கையேட்டில் இருக்கும். அந்த அளவில் கேரியரின் எடையும் அடக்கம். வரம்பு 50 கிலோ என்றால், தலா 25 கிலோ எடையுள்ள இரண்டு கயாக்குகளை ஏற்ற முடியாது.

காற்றின் விசை வேகத்தின் இருமடியாக ஏறும். மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100க்குப் போனால் அது ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடும். நிதானமாகப் போவதும் ஒரு கட்டுதான்.

புறப்பட்டுச் சில கிலோமீட்டர் போனதும் ஓரமாக நிறுத்துங்கள். படகின் மூக்கைப் பிடித்து உலுக்குங்கள். காரும் சேர்ந்து ஆடினால் கட்டு சரி. படகு மட்டும் அசைந்தால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள்.