சினை நண்டு கேட்ட நாம்

மதுரை செல்லூரிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். அங்கே பிடித்த மீன் ஐஸ் பெட்டியில் ஏறி, விடிவதற்குள் மதுரைச் சந்தைக்கு வந்துவிடுகிறது. அது எப்படிப் பிடிபட்டது என்று மட்டும் நாம் கேட்டதில்லை.

1947-ல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்குத் தொடக்க காலத்தில் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்திலுள்ள மண்டபம்தான் தலைமையிடம். படகு கரைக்கு வந்ததும் என்ன மீன், என்ன நீளம், சினை பிடித்திருக்கிறதா என்று ஆய்வாளர்கள் பார்த்து எழுதுவார்கள். எந்த மாதம் எங்கே எது கூடும் என்பது மீனவருக்குத் தெரியும். இப்படிச் சேர்ந்த அறிவிலிருந்துதான், 10 சென்டிமீட்டர் எட்டாத மத்தியையும் 14 எட்டாத அயிலையையும் பிடிக்கக்கூடாது என்று கேரளம் 2015-ல் விதி செய்தது. நம் கிழக்குக் கரையிலும் மீன்பிடித் தடையால் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன. வருமானம் சுருங்கினாலும் மீனவர் வீடுகள் பொறுத்துக்கொள்கின்றன. அந்த இரண்டு மாதமும் நாம் பேசியதெல்லாம் விலையைப் பற்றித்தான்.

சந்தையில் நண்டைப் புரட்டி, வயிற்று மடிப்பில் ஆரஞ்சு நிறத்தில் முட்டை அப்பியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து எடுத்தோம். ஒரு நண்டில் பல லட்சம் முட்டைகள். “சினையா பார்த்துப் போடுங்கக்கா” என்று கூடுதல் காசும் கொடுத்தோம். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு வைத்தோம். அந்தப் பழக்கத்தில் இருக்கும் பிரியம் பொய்யில்லை. ஆனால் பால்சுறா ஒரு ஈற்றுக்கு விரல்விட்டு எண்ணுமளவே குட்டி போடும் என்பதை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

கடலாவது தூரம். செல்லூர்க் கண்மாய் பக்கத்திலேயே இருந்தது. விராலும் கெளுத்தியும் கண்மாயில் பிடித்துச் சாப்பிட்ட ஊர்க்காரர்கள்தானே நாம்! வீட்டுக் கழிவு வாய்க்காலில் கலந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தோம். ஆகாயத்தாமரை படர்ந்தபோது பழகிப்போனோம். 2024 அக்டோபரில் தண்ணீர் தெருவுக்குள் வந்த பிறகுதான் கண்மாயைப் பற்றிப் பேசினோம். கடலில் மீனவரும் ஆய்வாளரும் பேசுவதுபோல், இந்தத் தண்ணீரைப் பற்றி எந்தக் கல்லூரியையும் கூப்பிட்டு நாம் உட்கார்ந்து பேசவில்லை.

இப்போதும் கூப்பிடலாம். சந்தையிலும் ஒன்று நம் கையில் இருக்கிறது. சினை நண்டுக்குக் கூடுதல் விலை நாம் கொடுப்பதால்தான் அதை உயிரோடு கடலில் விடுகிற மீனவருக்கு நட்டம். வேண்டாம் என்று மீன்கார அக்காவிடம் நாம் சொன்னால், ஏலத்தில் அவர் அதை எடுக்கமாட்டார். ஏலத்தில் விலை போகாது என்று தெரிந்தால், அதை வலையிலிருந்து எடுத்துத் திரும்பக் கடலில் விட மீனவருக்கும் மனசு வரும்.