வீடு வாங்குமுன் நாத்தனாரைப் பாருங்கள்!

சென்ற இதழில் வத்தல், வடகம் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "டவுனிலே வீடு வாங்கப் போகிறோம், கவனிக்க வேண்டியதை எழுதுங்களேன்" என்று சகோதரி ஒருவர் கேட்டிருந்தார். வத்தலுக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தமோ, போகட்டும்! போன தை மாதம் எங்கள் பக்கத்து வீட்டு மதினிக்காகக் கயத்தாறுக்கும் திருநெல்வேலிக்குமாக ஏழெட்டுத் தடவை பஸ் ஏறியவள் நான். அந்த அனுபவத்தையே சொல்கிறேன்.

மதினியின் மகள் பாளையங்கோட்டையில் காலேஜில் படிக்கிறாள். மானாவாரிப் புஞ்சை விற்ற பணம், அண்ணாச்சியின் சேமிப்பு, மதினியின் எட்டுப் பவுன் வளையல் எல்லாவற்றையும் சேர்த்து, மீதிக்கு பாங்கிக் கடன் போட்டு வீடு வாங்குவதாக ஏற்பாடு. வளையல் கழற்றிய கையோடுதான் என்னிடம் வந்தாள்.

முதலில் பார்த்தது வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு வீடு. புதுப் பெயிண்ட், கிரானைட் மேடை, விலையோ சல்லிசு. தரகர் விடாமல் பேசிக்கொண்டே வந்தார். நான் மெல்ல நழுவித் தெருமுனையில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் இரண்டு முழம் வாங்கினேன். "வெள்ளத்திலே இங்கே தண்ணி வந்துதா?" என்று கேட்டேன். "வந்துதாவா? அந்த வீட்டு ஜன்னல் வரைக்கும்லா நின்னுது!" என்றாள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பக்கத்தில் யார் மறப்பார்கள்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரவருணி கரை மீறி ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர். புதுப் பெயிண்ட் எதற்கு என்று புரிந்துவிட்டது.

அதனால், வீடு பார்க்கப் போனால் தரகரிடம் கேட்பதைப் பூக்காரம்மாவிடமும் பால்காரரிடமும் கேளுங்கள். மீட்டர் பெட்டி மட்டும் புதிதாக உயரத்தில் ஏற்றி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு நல்ல மழையன்று போய்ப் பாருங்கள். தெருப் பெயரிலோ பக்கத்து நகர் பெயரிலோ 'குளம்', 'ஏரி' என்று இருந்தால் இன்னும் விசாரிக்க வேண்டும். பெயர் சும்மா வந்திருக்காது.

இரண்டாவது வீடு பாளையங்கோட்டையில். மேடான இடம், தண்ணீர் ஏறாதது. அடுக்களைச் சுவரில் ஒரு வெடிப்பு ஓடியது. கரிசல்காரிகளுக்கு வெடிப்பைப் பற்றிப் பாடம் வேண்டாம். மழையில் ஊதி, கோடையில் கால் நுழையும் அளவு பிளக்கிற மண்ணில்தானே பிறந்து வளர்ந்தோம்! அந்த மண்ணில் அஸ்திவாரம் ஆழமாகப் போகாமல் கட்டினால் சுவரும் மண்ணோடு ஆடும். டவுனிலும் பழைய வயலும் புஞ்சையும்தானே மனையாகியிருக்கின்றன. மயிரிழை மாதிரி பூச்சில் மட்டும் கீறல் என்றால் பயமில்லை. ஜன்னல் மூலையிலிருந்து குறுக்காகப் படி மாதிரி இறங்கி, விரல் நுனி நுழைகிறதென்றால் கொத்தனாரையோ என்ஜினீயரையோ கூட்டிப்போய்க் காட்டாமல் பேச்சை முடிக்காதீர்கள். இந்த வீட்டில் பூச்சுக் கீறல்தான். மதினிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நாளைக்கு அட்வான்ஸ் கொடுத்துரலாம்னு அவுக சொல்லுதாக" என்றாள்.

வீட்டுக்காரர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர். அப்பா சம்பாதித்துக் கட்டிய வீடு. அப்பாவும் அம்மாவும் காலமாகிவிட்டார்கள். வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது. பட்டா இரண்டு பேர் பெயரிலும் மாறியிருந்தது. அண்ணன் மனைவி காபி கொண்டுவந்தாள். சுவரில் பழைய குடும்பப் போட்டோ. அப்பா, அம்மா, இரண்டு பையன்கள், நடுவே தாவணி போட்ட ஒரு பெண்.

"இது யாரு?" என்றேன்.

"எங்க நாத்தனார். மும்பையிலே இருக்கா. அவளுக்குத்தான் நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சே!"

எனக்குக் காபி இறங்கவில்லை.

சகோதரிகளே, இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். வில்லங்கச் சான்றில் விற்றது, அடமானம் வைத்தது போன்ற பதிவான பத்திரங்கள்தான் தெரியும். பிறப்பால் வருகிற பங்கு அதில் தெரியாது. பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கத்தை இலவசமாகவே பார்த்துக்கொள்ளலாம், நல்லதுதான். ஆனால் எத்தனை வருடத்துக்குப் போட்டுப் பார்த்தாலும் மும்பை நாத்தனார் அதில் வரமாட்டாள். 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தகப்பனார் உயில் எழுதாமல் இறந்தால் அவர் சம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. சீர் செய்ததால் அது போய்விடாது. பூர்வீகச் சொத்து என்றால், தமிழ்நாட்டில் 1989-ல் அப்போது கல்யாணமாகாதிருந்த பெண்களுக்கு உரிமை வந்தது. 2005 செப்டம்பரில் மத்திய சட்டம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. கிறிஸ்தவக் குடும்பங்களில் சட்டம் வேறு, ஆனால் அங்கேயும் மகளுக்குச் சமபங்குதான்.

ஆக, அண்ணன் தம்பி இரண்டு பேர் மட்டும் கையெழுத்துப் போட்டால் மதினிக்குக் கிடைப்பது வீட்டில் மூன்றில் இரண்டு பங்குதான். மீதிக்கு மும்பைக்காரி பிறகு என்றாவது வந்து கேட்டால் எட்டுப் பவுன் வளையல் கோர்ட்டுப் படியில்!

தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். அதில் உள்ள ஒவ்வொருவரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது முன்பே பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். 'வாயால் சொல்லிவிட்டாள்' என்பது செல்லாது. வாரிசுகளில் மைனர் குழந்தை இருந்தால் கோர்ட்டு அனுமதி வேண்டும். பவர் மட்டும் எழுதிக் கொடுத்து விற்றதாகச் சொன்னால் வேண்டவே வேண்டாம். அது கிரயம் ஆகாது என்று 2011-லேயே சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு இருக்கிறது.

இதைச் சொல்லும்போது எனக்கே ஒரு மாதிரிதான் இருக்கிறது. எங்கள் அப்பா வீட்டை விற்றபோது நானும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவள். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக்கூட இல்லை. ஒரு பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்தார்கள். மாம்பழ நிறம், நல்ல சேலைதான்.

பிளாட் வாங்குகிறவர்களுக்கு இரண்டு வரி. சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-ல் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடி சரிந்து 61 பேர் இறந்தார்கள். அதுவும் அனுமதி வாங்கிய கட்டடம்தான். எட்டு வீட்டுக்கு மேல் உள்ள புதுத் திட்டங்களை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிய வேண்டும் என்று 2016 சட்டம் சொல்கிறது. அந்த எண்ணைக் கேளுங்கள். ஒப்படைத்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவர்தான் சரிசெய்து தர வேண்டும்.

மதினி கதைக்கு வருகிறேன். அட்வான்ஸ் நின்றது. அண்ணாச்சிக்கு என்மேல் கோபம், பதினைந்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டுக்காரர்களும் முறுக்கிக்கொண்டார்கள். ஆனால் அடுத்து வந்த ஆளும் பாங்கியில் கடன் கேட்க, பாங்கி வக்கீலும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டார். பிறகு அவர்களாகவே மதினிக்குப் போன் செய்தார்கள்.

மாசி கடைசியில் பத்திரம் பதிந்தோம். மும்பையிலிருந்து அந்த அம்மா ரயிலில் வந்திருந்தாள். தன் பங்கை டி.டி.யாக வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். அண்ணன் மனைவி அவளோடு பேசவில்லை.

இன்னொன்று விட்டுவிட்டேன். 2025 ஏப்ரல் முதல், பத்து லட்ச ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் சலுகை உண்டு. மதினி வீடு அதற்கு மேல் போய்விட்டதால் சலுகை கிடைக்கவில்லை. இருந்தாலும் வளையல் கணக்கைச் சொல்லி, பத்திரத்தில் தன் பெயரையும் போடச் சொல்லிவிட்டாள். அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது மட்டும், "உன் பேரு முதல்லேல்லா இருக்கு" என்றார்.