‘இதெல்லாம் இங்கே முளைக்காது’

காளானைப் பற்றி நம்மவர்கள் சொல்கிற வார்த்தைகளில் எனக்குக் கோபம் வருகிற வார்த்தை ஒன்று உண்டு. "விஷக் காளானா? அதெல்லாம் இங்கே முளைக்காது." படித்தவரும் இதைச் சொல்கிறார், பள்ளிக்கூடம் போகாதவரும் சொல்கிறார். படித்தவர் புத்தகத்தைக் காட்டுவார். மற்றவர் தன் பாட்டியைக் காட்டுவார். இரண்டு பேரும் கையில் இருக்கிற காளானைப் பார்ப்பதில்லை. நிற்கிற ஊரைப் பார்த்துக் காளானுக்குப் பெயர் வைக்கிறார்கள்.

30 வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்குத் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். ஒரு காளான் எங்கெங்கே வளரும் என்று புத்தகம் சொல்வது, அதுவரை யாராவது கண்டு எழுதிவைத்த இடங்களின் பட்டியல்தான். யாரும் தேடிப் பார்க்காத இடம், அது இல்லாத இடம் ஆகிவிடாது. தென்னை மரம் வருஷம் முழுக்க நின்று தன்னைக் காட்டிக்கொள்ளும். காளான் அப்படியல்ல. நாம் பார்க்கிற குடை நாலு நாள் காட்சி. அதன் உடம்பு முழுவதும் மண்ணுக்குள் நூலாக ஓடிக்கிடக்கிறது. சில வகைகள் மரத்தின் வேரோடு ஒட்டியே வாழ்கின்றன. அந்த மரத்தை வேர்மண்ணோடு பெயர்த்துக் கப்பலில் ஏற்றினால், நூலும் சேர்ந்து ஏறும். 

தூரத்துக்குப் போக வேண்டாம். நீலகிரிக்குப் போய்ப் பாருங்கள். அங்கே மெக்சிகோவிலிருந்து வந்த பட்டுலா பைன் மரங்களை வளர்த்திருக்கிறார்கள். அதன் வேரோடு அமானிட்டா மஸ்காரியா என்ற காளான் வாழ்வதைத் தாவரவியலார் ஆராய்ந்து 1993-லேயே எழுதிவிட்டார்கள். சிவப்புத் தொப்பி, மேலே வெள்ளைப் பொட்டுகள். ஆங்கிலக் கதைப் புத்தகங்களில் குள்ளர்கள் குடியிருக்கிற அதே காளான். ஐரோப்பா போன்ற குளிர்நாடுகளின் விஷக் காளான் இன்று நம் மலையில் நிற்கிறது. "இங்கே முளைக்காது" என்று அதனிடம் யார் போய்ச் சொல்வது?

அது சிவப்பாக இருப்பதால் பயந்து விலகிவிடுவோம். ஆபத்தானது அதன் பங்காளி. அமானிட்டா ஃபலாய்டிஸ் என்று பெயர். ஆங்கிலத்தில் 'டெத் கேப்' என்பார்கள். பெயரே மரணத் தொப்பிதான். சொந்த ஊர் ஐரோப்பா. ஓக் மரங்களோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்து, இன்று கான்பெராவிலும் மெல்பெர்னிலும் தெருவோர ஓக் மரத்தடியில் முளைக்கிறது. கலிஃபோர்னியாவில் அந்த மண்ணுக்கே உரிய ஓக் மரத்தோடும் உறவு கொண்டாடிவிட்டது. கனடாவின் மேற்குக் கரையிலும் இருக்கிறது. 2016-ல் அங்கே 3 வயதுக் குழந்தை ஒன்று அதைத் தின்று இறந்தது.

நமக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். இருக்கிறது. இதன் குட்டிப் பருவம் நம் வைக்கோல் காளானை உரித்து வைத்தது போல இருக்கும். இரண்டும் முட்டை போன்ற பையைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். கான்பெராவில் 2011-ஆம் ஆண்டின் கடைசி இரவு விருந்தில் இதைச் சமைத்துச் சாப்பிட்டவர்களில் 2 பேர் சில நாளில் இறந்துபோனார்கள். ஆசியாவிலிருந்து குடியேறியவர்கள், ஊரில் தின்று பழகிய வைக்கோல் காளான் என்று நம்பி இதைப் பறிப்பதாக அங்கே மருத்துவர்கள் பலமுறை எச்சரித்திருக்கிறார்கள். 2023-ல் விக்டோரியா மாநிலத்தில் ஒரு மதிய விருந்தில் 3 பேர் இறந்து, பிறகு கொலை வழக்காகிய செய்தியை எல்லோரும் படித்தோம். அதுவும் இதே காளான்தான்.

மகள் வீட்டில் இருந்தபோது மெல்பெர்ன் பூங்கா ஒன்றில் நம் பக்கத்துப் பெரியவர் ஒருவரைக் கண்டேன். ஓக் மரத்தடியில் குனிந்து, கடைப் பையில் பொறுக்கிக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, அதைத் தொடாதீங்க" என்றேன். "நம்ம வைக்கோல் காளானாக்கும். நான் பிறந்ததிலேருந்து திங்கேன்" என்றார். "இங்க வைக்கோல் எங்க இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. ஒன்றைப் பிளந்து, தண்டில் பாவாடை மாதிரித் தொங்கிய வளையத்தைக் காட்டினேன். வைக்கோல் காளானுக்கு அந்த வளையம் கிடையாது. முகம் சுளித்துக்கொண்டே பையைக் குப்பைத் தொட்டியில் போட்டார். அதன்பிறகு என்னோடு பேசவில்லை. பரவாயில்லை. அவர் பேரப்பிள்ளைகளும் அன்று ராத்திரி அதே குழம்பில்தான் கை வைத்திருப்பார்கள்.

இனி நம் வீட்டுச் சோதனைகளுக்கு வருகிறேன். வெள்ளிக் காசு போட்டால் கறுக்கும் என்பார்கள். கறுக்காது. மஞ்சள்பொடி தூவிப் பார், பூண்டு போட்டுக் கொதிக்கவை என்பார்கள். அந்த விஷத்துக்கு மஞ்சளும் தெரியாது, பூண்டும் தெரியாது. பூச்சி அரித்திருந்தால் நல்லது என்பார்கள். நத்தை அதைத் தின்றுவிட்டுச் சுகமாக ஊர்ந்துபோகும். நன்றாக வேகவைத்தால் போகும் என்பது எல்லாவற்றிலும் மோசம். வேகவைத்தாலும் வறுத்தாலும் காயவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

அது கொல்கிற விதமும் கொடியது. சாப்பிட்டு 6 முதல் 12 மணி நேரம் வரை பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அடுத்த நாள் குணமானது போலத் தோன்றும். "பார்த்தாயா, சரியாகிவிட்டது" என்று நாம் மோர் குடித்துக்கொண்டிருக்கும்போது கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும்.

"நம் முன்னோர் ஆயிரம் வருஷமாகக் காளான் பறித்துத் தின்னவில்லையா?" என்று நண்பர்கள் கேட்பது காதில் விழுகிறது. தின்றார்கள். இடி இடித்த மறுநாள் காலையில் புற்றுக் காளான் தேடிப் போன பிள்ளைதான் நானும். ஆனால் அவர்கள் அறிவு எப்படிப்பட்டது என்று யோசியுங்கள். "இன்ன தோப்பில், இன்ன புற்றில், இன்ன மழைக்கு வருவது" என்று அவர்களுக்குத் தெரியும். தோண்டினால் தண்டு கறையான் கூடுவரை வேராக நீண்டு போகும். ஓர் இடத்தை வருஷக்கணக்கில் பார்த்து வந்த அறிவு அது. அந்த அறிவை மதிக்கிறவன் அதை விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோக மாட்டான். பாட்டி ஒருநாளும் ஓக் மரத்தைப் பார்த்ததில்லை. 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள். காளான் பறித்துச் சமைப்பது அங்கேயும் வழக்கமான காரியம்தான்.

இப்போது பேரன்மார் கைபேசியில் படம் எடுத்துப் பெயர் சொல்கிறார்கள். சில செயலிகள் அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே பதிவான உயிர்களையே முதலில் நீட்டும். புதிதாக வந்து சேர்ந்த ஒன்று அந்தப் பட்டியலில் எப்படி இருக்கும்? பாட்டி சொன்ன "இங்கே முளைக்காது" என்பதையே கைபேசி வேறு குரலில் சொல்கிறது. அடிப்பையும் தொப்பியின் அடிப்பாகமும் மேலிருந்து எடுத்த படத்தில் விழுவதுமில்லை.

ஒரு காளானின் பெயர் தெரிய ஆசையா? அடிமண்ணோடு முழுதாகத் தோண்டி எடுங்கள். பை இருக்கிறதா, வளையம் இருக்கிறதா, பக்கத்தில் என்ன மரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். தண்டை வெட்டிவிட்டுத் தொப்பியைப் பாதி வெள்ளை, பாதி கறுப்புக் காகிதத்தில் கவிழ்த்து, மேலே ஒரு கிண்ணத்தை மூடி ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் வித்துப் பொடி படிந்திருக்கும். வைக்கோல் காளானுக்கு இளஞ்சிவப்பு, மரணத் தொப்பிக்கு வெள்ளை. புல்தரையில் வெள்ளைக் குடையாக வந்து வயிற்றைக் கலக்குகிற ஒன்றுக்குப் பச்சை. இவ்வளவும் செய்வது பெயர் அறிய மட்டும்தான். இதை நம்பி அடுப்பில் ஏற்றாதீர்கள். வாசல் புல்லில் வந்ததானாலும் சரி, காளான்களையே ஆராய்கிற ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லாதவரை அது சாப்பாடு அல்ல. ஊர்ப்பெயரைக் கடைசியாகக் கேளுங்கள். அதை வைத்து எதையும் விலக்கிவிடாதீர்கள்.

தெரியாமல் யாராவது சாப்பிட்டுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மிச்சக் காளானையும் குழம்பையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நடுவில் குணமானதாகத் தோன்றினாலும் வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.

இந்த வருஷம் பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். ஆஸ்திரேலியாவில் மார்ச் முதல் மே வரை இலையுதிர்காலம், அந்தக் காளானின் காலம். காளான் குழம்பு ஆசை வந்தால் கடையில் ஒரு பாக்கெட் வாங்குங்கள். மருமகன் காசு கொஞ்சம் செலவாகும், அவ்வளவுதான்.