காலால் ஆடச் சொல்லிக்கொடுங்கள், வாயால் அல்ல



கொஞ்சம் நீளமான பதிவு. படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் ஒரு லைக் போட்டுவிட்டுப் போகலாம். முழுதாகப் படித்தவர்கள் மட்டும் கீழே சண்டைக்கு வாருங்கள்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் நான்கு நாளாக ஒரே வாக்குவாதம். இத்தாலியின் மார்கோ மாட்டெராஸி நல்ல டிஃபெண்டரா, வெறும் ரவுடியா? ஒரு கட்சி, "சார், அவன் பொறுக்கி. ஜிடேன் முட்டியது சரிதான்" என்கிறது. இன்னொரு கட்சி, "அதுதான் சார் மாஸ். நாலு வார்த்தை பேசியே உலகக் கோப்பையை வாங்கிட்டான்" என்கிறது. இந்த இரண்டாவது கட்சிக்காரர்களில் சிலர் சனி, ஞாயிறுகளில் மேடவாக்கம், பெருங்களத்தூர் பக்கம் டர்ஃப் எடுத்துச் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். அதனால்தான் சும்மா இருக்க முடியவில்லை. என்னைக் கேட்டால், இரண்டு கட்சியும் தப்பு.

முதலில், பொறுக்கி என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்களுக்கு.

1973இல் பிறந்த அந்த மனிதர் நேராக பெரிய கிளப்பில் போய் இறங்கவில்லை. அப்பா பெயர் பெற்ற பயிற்சியாளர். அப்படியிருந்தும் மகன் மார்சாலா, டிராபானி என்று சிசிலித் தீவின் கீழ்மட்ட அணிகளில் ஆடித்தான் மேலே வந்தார். நாட்டுக்காக முதன்முதலில் ஆடியபோது வயது 27. நம் வீடுகளில் 27 வயதில் ஒரு பையன் இன்னும் பந்து உதைத்துக்கொண்டிருந்தால் என்ன பேசுவோம் என்று சொல்லத் தேவையில்லை.

2000-01 சீசனில் பெருஜியா அணிக்காக 12 கோல் போட்டார். இத்தாலியின் முதல்நிலை லீக்கில் ஒரு டிஃபெண்டர் ஒரே சீசனில் அவ்வளவு கோல் போட்டது அதுவரை இல்லாத சாதனை. பிறகு பத்து வருடம் இன்டர் மிலான். ஐந்து லீக் பட்டங்கள், 2010இல் சாம்பியன்ஸ் லீக்.

2006 உலகக் கோப்பையில் அவர் முதலில் மாற்று ஆட்டக்காரர்தான். நெஸ்டா காயம்பட்டதால் உள்ளே வந்து, செக் குடியரசுக்கு எதிராகத் தலையால் கோல் போட்டார். ஆஸ்திரேலியாவுடன் சிவப்பு அட்டை வாங்கினார். இறுதி ஆட்டத்தில் பிரான்சுக்கு பெனால்டி கிடைத்தது இவர் செய்த ஃபவுலால். 19ஆவது நிமிடத்தில் கார்னரில் எழும்பித் தலையால் சமன் செய்ததும் இவரே. ஷூட்-அவுட்டில் தன் பெனால்டியையும் உள்ளே போட்டார். இத்தனையும் செய்தவரை "ஜிடேனிடம் முட்டு வாங்கினவன்" என்று மட்டும் ஞாபகம் வைத்திருப்பது நியாயமா?

இன்னொன்று. அவர் ஜிடேனை இனவெறியோடு திட்டினார், "பயங்கரவாதி" என்றார் என்றெல்லாம் அன்று பிரிட்டனில் சில பத்திரிகைகள் எழுதின. பிறகு மன்னிப்புக் கேட்டு நஷ்ட ஈடும் கொடுத்தன. நம் குழுவில் அந்தப் பொய் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஃபார்வர்ட் செய்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இப்போது 'மாஸ்' கட்சிக்கு வருகிறேன். உங்களிடம்தான் எனக்குப் பெரிய வழக்கு.

அவர் சொன்னது ஜிடேனின் அக்காவைப் பற்றிய ஒரு கேவலமான வார்த்தை. அவரே பின்னால் ஒப்புக்கொண்டார். அந்த வார்த்தை எந்தப் பந்தை கோலுக்குள் தள்ளியது? 110ஆவது நிமிடத்தில் ஜிடேன் வெளியேறினார். அதற்குப் பிறகும் கூடுதல் நேரத்தில் இத்தாலி கோல் போடவில்லை. ஜிடேன் இருந்திருந்தால் ஷூட்-அவுட் வேறு மாதிரி போயிருக்கும் என்பீர்கள். இருக்கலாம். ஆனால் இத்தாலி அன்று உதைத்த ஐந்து பெனால்டியும் உள்ளே போயின. கோப்பையை வாங்கித் தந்தவை அந்த ஐந்து உதையும் 19ஆவது நிமிடத் தலையடியும்தான். அந்த வார்த்தை வாங்கித் தந்தவை வேறு: இரண்டு ஆட்டத் தடை, 5,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம், ஆயுளுக்கும் ஒட்டிக்கொண்ட ஒரு பட்டப்பெயர். முட்டியதற்காக ஜிடேனுக்கு மூன்று ஆட்டம், 7,500 ஃபிராங்க். முட்டியதும் தப்புதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தண்டனை இருவருக்கும் கிடைத்தது என்பதை உங்கள் மீம்கள் சொல்வதில்லை.

2004இல் ஆட்டம் முடிந்த பிறகு சியெனா அணியின் சிரில்லோவைக் குத்தி இரண்டு மாதத் தடை வாங்கியதும் இதே மாட்டெராஸிதான். அதில் எந்தத் தற்காப்புக் கலை இருக்கிறது? பந்தே இல்லாத இடத்தில் நடந்த அடிதடி அது.

ஆட்ட விதியைப் படித்துப் பாருங்கள். கவனக்குறைவாகப் பாய்ந்தால் ஃப்ரீ கிக். எதிராளிக்கு ஆபத்து என்று பாராமல் பாய்ந்தால் மஞ்சள் அட்டை. அளவுக்கு மீறிய பலத்தோடு பாய்ந்தால் சிவப்பு. அதே சிவப்பு அட்டைப் பட்டியலில்தான் அவமானப்படுத்தும் வார்த்தையும் இருக்கிறது. காலை உடைப்பதையும் வாயால் குதறுவதையும் விதி ஒரே வரிசையில் வைத்திருக்கிறது. நடுவர் காதில் விழவில்லை என்பதற்காக அது தந்திரம் ஆகிவிடாது.

நல்ல டேக்கிள் என்றால் என்ன? அவசரப்படாமல் எதிராளி முன்னால் பக்கவாட்டில் நின்று, அவனை ஓரத்துக்குத் தள்ளி, பந்து அவன் காலிலிருந்து அரை அடி விலகும் நொடிக்காகக் காத்திருந்து, அந்த நொடியில் முழு உடம்போடு பந்தை எடுப்பது. பயந்தவனால் முடியாது, கோபக்காரனாலும் முடியாது. கணக்கு போடத் தெரிந்தவனால்தான் முடியும்.

கடினமாக ஆடுவது எப்படி என்று நம் பிள்ளைகளுக்குக் காட்ட இத்தாலிக்குப் போகவே வேண்டாம். ஜர்னைல் சிங் இருக்கிறார். மோகன் பகானின் டிஃபெண்டர். அவர் மேல் மோதினால் சுவரில் மோதியது போல. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தாய்லாந்துடனான ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். பின்வரிசையில் ஆட வைக்க முடியாது என்று பயிற்சியாளர் ரஹீம் அவரை முன்வரிசையில் நிறுத்தினார். அரையிறுதியில் ஒரு கோல், இறுதியில் தென் கொரியாவுக்கு எதிராக ஒரு கோல். 2-1, தங்கம். அன்று நம் கோலைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ், மெட்ராஸ் ரெஜிமென்டில் ஆடி வளர்ந்தவர். அந்தத் தங்கத்துக்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்கு இன்னொரு தங்கம் வரவில்லை. முரட்டு ஆட்டம் வேண்டுமா, இதைச் சொல்லிக்கொடுங்கள்.

மாட்டெராஸி நமக்கு அந்நியரும் இல்லை. 2014இல் சென்னையின் எஃப்.சி.க்கு ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் வந்தார். 2015 நம் ஊர் யாருக்கும் மறக்காது. டிசம்பர் 1 மழையில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. பதிவானது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகில் ஆட்களை மீட்டார்கள். வெள்ளத்தால் சென்னையில் நடக்கவேண்டிய அரையிறுதி புனேவுக்குப் போனது. சொந்த மைதானம் இல்லாமல் கொல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். டிசம்பர் 20 அன்று கோவாவில் நடந்த இறுதியில் 90 நிமிடம் நெருங்கும்வரை 1-2 என்று பின்தங்கியிருந்து 3-2 என்று கோப்பையை எடுத்தார்கள். அந்த அணியின் பயிற்சியாளர் இவர். அந்த வருடம் அவர் பூட்ஸ் மாட்டி ஆடவே இல்லை. ஓரத்தில் நின்று மற்றவர்களை ஆட வைத்தார். பின்பற்ற வேண்டுமானால் இந்த மாட்டெராஸியைப் பின்பற்றுங்கள்.

ஆனால் நம் டர்ஃப்களில் என்ன நடக்கிறது? மாலை நடைக்குப் போகும்போது வலைக்கு வெளியே நின்று பார்க்கிறேன். பதினொரு வயதுப் பிள்ளையிடம், "அவன் அம்மாவைப் பத்திச் சொல்லு, டென்ஷன் ஆவான்" என்று ஓரத்திலிருந்து சொல்லிக்கொடுக்கிறார் ஒரு பெரிய மனிதர். "பந்து போனாலும் ஆளை விடாதே" என்று கத்துகிறார் ஓர் அப்பா. இதற்கு 'மைண்ட் கேம்' என்று பெயர் வேறு. இதே பிள்ளை மறுநாள் வகுப்பில் அதே வார்த்தையைச் சொன்னால், பள்ளிக்கு ஓடிவந்து "எங்கே சார் கத்துக்கிட்டான்?" என்று கேட்பதும் இதே அப்பாதான்.

இதில் நிஜமாக நசுங்குவது யார் தெரியுமா? பின்வரிசையில் ஆடும் பிள்ளை. கோல் போடுபவனுக்குக் கைதட்டல். தடுப்பவன் சுத்தமாகப் பந்தை எடுத்தால் யாரும் பார்ப்பதில்லை, ஆளைச் சாய்த்தால் மட்டும் "செம" என்கிறார்கள். பாராட்டு எதற்குக் கிடைக்கிறதோ பிள்ளை அதைத்தானே திரும்பச் செய்வான்? பதினைந்து வயதில் அவனே முட்டி உடைந்து உட்காருவான், அல்லது இன்னொரு வீட்டுப் பிள்ளையை உட்கார வைப்பான். அப்போது நாமே அவனுக்கு 'ரவுடி' என்று பெயரும் வைத்துவிடுவோம்.

பந்து சொல்லிக்கொடுக்கும் என் மாணவர்களுக்கு மூன்றே வேண்டுகோள்.

1. சுத்தமான டேக்கிளுக்கு, கோலுக்குச் சமமாகக் கை தட்டுங்கள். சத்தமாக.

2. வீட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை வந்தால், நடுவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், அந்தப் பிள்ளையை அன்றைய ஆட்டத்தில் உட்கார வையுங்கள். நன்றாக ஆடுபவனாக இருந்தால் கட்டாயம் உட்கார வையுங்கள்.

3. கத்தும் அப்பாவை வெளியே அனுப்புங்கள். ஃபீஸ் கட்டுகிறார் என்று பயப்படாதீர்கள். அவர் டர்ஃபுக்கு ஒரு மணி நேர வாடகைதான் தருகிறார். அடுத்த வீட்டுப் பிள்ளையின் அம்மாவை வைவதற்கு அதில் அனுமதி இல்லை.

அந்த அப்பாக்களில் என் மாணவர்களும் இருக்கிறார்கள், என் மருமகன் முறை உள்ளவர்களும் இருக்கிறார்கள். கோபம் வந்தால் வரட்டும். நேரில் வந்து பேசுங்கள், காபி தருகிறேன். மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள். ஆனால் வார்த்தை சுத்தமாக இருக்கட்டும். இல்லையென்றால் இங்கே சிவப்பு அட்டை காட்ட எனக்குத் தயக்கமில்லை.

அன்புடன்,
உங்கள் சார்
சேலையூர்