தபால்காரன் வேஷம்

“கூட்டம் பெருத்தால் விஷமும் பெருகத்தான் செய்யும். வாட்ஸ்அப் என்ன ஐயா செய்யும்? அது வெறும் தபால்காரன்!” என்றார் நண்பர். படித்தவர், பண்பாளர். ஆனாலும் அவருடைய அபிப்பிராயத்தில் எனக்கு எள்ளளவும் சம்மதமில்லை.

கல்வராயன் மலைக் கடுக்காயும் புளியும் வந்து இறங்கும் கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் கூட்டத்துக்கு என்ன குறைச்சல்? அங்கே ஒருவன் புளுகினால், “யாரப்பா சொன்னது?” என்று சட்டையைப் பிடிக்க ஆள் உண்டு. புளுகியவன் நாளைக்கும் அதே வீதிக்கு வந்தாக வேண்டும். கூட்டமல்ல குற்றவாளி, முகமில்லாத வாய்தான் குற்றவாளி.

2022 ஜூலை 13 அன்று, சின்னசேலத்தை அடுத்த கனியாமூரில் தனியார் பள்ளி மாணவி ஒருத்தி இறந்துபோனாள். பெற்றோர் நியாயம் கேட்டார்கள். கேட்க அவர்களுக்குச் சகல உரிமையும் உண்டு. ஆனால் 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பெற்றோரைக் கண்ணால்கூடக் கண்டிராதவர்கள் வாட்ஸ்அப் அழைப்பில் திரண்டு வந்தார்கள். பள்ளிப் பேருந்துகள் எரிந்தன. மற்றப் பிள்ளைகளின் சான்றிதழ்களும் எரிந்தன. ஒரு பெண்ணுக்கு நீதி கேட்கப் புறப்பட்ட கூட்டத்தில் சிலர், மேசை நாற்காலிகளைத் தலையில் சுமந்துகொண்டு வீடு திரும்பினார்கள். இது என்ன நீதியோ!

அதற்கு நான்கு வருஷம் முன்பு, 2018 மே மாதம், போளூர் பக்கம் அத்திமூரில் நடந்ததையும் மறக்க முடியவில்லை. குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து வந்த மூதாட்டி குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று அடித்தே கொன்றுவிட்டார்கள். பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருப்பதாக வதந்தி முன்னதாகவே செல்போன்களில் ஊர் ஊராகப் போயிருந்தது.

“மனித சுபாவம்” என்று கையை விரிப்பவர்களுக்கு அந்தக் கம்பெனியே பதில் சொல்லியிருக்கிறது. 2018 ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் பார்வர்டு செய்ய முடியாதபடி அது தடுத்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஓர் இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்றது. அப்படிப்பட்ட செய்திகள் 70 சதவீதம் குறைந்துவிட்டதாகப் பிறகு அதுவே அறிவித்தது. மனித சுபாவம் சில வாரத்தில் திருந்திவிட்டதா? மடையைக் கொஞ்சம் அடைத்தார்கள், அவ்வளவுதான். அதனால் கம்பெனி நொடித்துப் போகவுமில்லை; வாடிக்கைக்காரர்கள் பெருகிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

பின் ஏன் கனியாமூர் எரிந்தது? பார்வர்டுக்கு மடை போட்டவர்கள் குழுவுக்குப் போடவில்லை. முன்பின் தெரியாதவனும் ஒரு லிங்க்கைத் தொட்டுக் குழுவுக்குள் நுழையலாம். அந்த 2022ஆம் வருஷத்திலேயே, 256 பேர் இருந்த குழுவை 512 ஆக்கினார்கள். கனியாமூர்ச் சாம்பல் ஆறிய நாலைந்து மாதத்தில் அதையும் 1024 ஆக்கினார்கள். ஒரே கடுதாசியை ஆயிரம் வீட்டுக்குள் போட்டுவிட்டு, எழுதியவன் யாரென்று கேட்டால் விழிக்கிறவனுக்கா தபால்காரன் என்று பெயர்?

இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நண்பரின் செல்போன் கிணுகிணுத்தது. பார்த்தார்; முகம் சிவந்தது; விரல் தானாக நகர்ந்தது.

“யார் அனுப்பியது?” என்றேன்.

“தெரியவில்லை. குழுவில் வந்தது” என்றார்.