மாத்திரை போட்டும் பூச்சி ஏன் போகவில்லை?

கேள்வி: பள்ளியில் பூச்சி மாத்திரை கொடுத்தும் பிள்ளைகளுக்குச் சில மாதங்களில் மறுபடி பூச்சித் தொல்லை வந்துவிடுகிறது. வாழைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் என் மனைவிக்கும் இரத்தம் குறைவு என்கிறார்கள். கழிப்பறைக் குழி நிரம்பிவிட்டது. அந்த எருவைக் கீரைப் பாத்திக்குப் போடலாமா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: பள்ளியில் தரும் அல்பெண்டசோல் மாத்திரை வயிற்றில் உள்ள புழுவைக் கொல்லும். மண்ணில் கிடக்கும் முட்டையை அது ஒன்றும் செய்யாது. மண் சுத்தமாகாதவரை புழு திரும்பத் திரும்ப வரும்.

கொக்கிப்புழுவின் முட்டை மலத்தோடு மண்ணில் விழுகிறது. ஈரமும் நிழலும் இருந்தால் ஓரிரு நாளில் பொரிக்கும். 5 முதல் 10 நாளில் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் ஏறும் பக்குவம் பெறும். வாழைத் தோட்டத்து மண் அதற்கு வெகு வசதி. குடலைக் கவ்விக்கொண்டு இரத்தம் உறிஞ்சுவதால் சோகை உண்டாகும். சோகைக்கு வேறு காரணங்களும் உண்டு. எனவே மனைவியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று இரத்தம், மலம் இரண்டையும் பரிசோதிப்பது நல்லது.

உருண்டைப்புழு வாய் வழியாக வருவது. அதன் முட்டை மண்ணில் சில ஆண்டுகள்கூட உயிரோடு இருக்கும். நக இடுக்கு, கழுவாத கீரை, பச்சையாகத் தின்னும் காய் வழியே வயிற்றுக்குப் போகும்.

ஆகவே, இப்போது நிரம்பிய குழியின் கழிவைக் கீரைக்குப் போடவே கூடாது. இரட்டைக் குழிக் கழிப்பறையானால், நிரம்பிய குழியை அடைத்துவிட்டு மற்றதற்கு மாற்ற வேண்டும். அடைத்த குழியில் மழைநீர் இறங்காமல் 2 ஆண்டுகள் விட்டால் கழிவு மக்கி, வாடையில்லாத எருவாகும். அதையும் தென்னை போன்ற மரங்களுக்கு இட்டு மண்ணால் மூடுவதே நல்லது. கீரை, முள்ளங்கிப் பாத்திக்கு வேண்டாம்.

தோட்டத்தில் இறங்குவோர் செருப்போ பூட்ஸோ அணிய வேண்டும். சாப்பிடும் முன்பும் கழிப்பறை போய் வந்த பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பிள்ளைகளின் நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும்.

இன்னொன்று: கூலி வேலைக்கு வருவோர் ஒதுங்க இடமில்லாமல் வாழைக்கு நடுவே போனால், வீட்டில் கழிப்பறை இருந்தும் பயனில்லை. வீட்டுக் கழிப்பறையை அவர்களுக்கும் திறந்துவிட்டால் சொந்தப் பிள்ளைகளின் வயிறும் பிழைக்கும்.