மட்டாஞ்சேரிக்கு வழி கேட்டால்

ஜெர்மனியின் சிறு பல்கலைக்கழக நகரங்களில் நடைபெறும் கருத்தரங்குகளுக்கு அழைப்பு வரும்போது, ‘வந்து சேரும் வழி’ என்றொரு குறிப்பும் உடன் வருவது வழக்கம். தியூபிங்கன் நகரை எடுத்துக்கொள்ளலாம். ஹெர்மன் குண்டர்ட்டின் கையெழுத்துப் படிகள் அங்குள்ள பல்கலைக்கழக நூலகத்தில் இருப்பதால், திராவிட மொழி ஆய்வாளர்களுக்கு அது பழகிய பெயர். பயணியர் விமான நிலையம் அங்கு இல்லை. நெடுந்தூர ரயில்களுக்கும் பெரும்பாலும் ஸ்டுட்கார்ட்டையே நம்பியிருக்க வேண்டும். ஆயினும், விமான நிலையத்திலிருந்து எந்தப் பேருந்து, எங்கே ரயில் மாறுவது, எந்தச் சீட்டு எதுவரை செல்லும் என்பதெல்லாம் அந்தக் குறிப்பில் இருக்கும். ஜெர்மானிய ரயில்கள் நேரம் தவறுவது அந்நாட்டாரே நகைக்கும் செய்தியாகிவிட்டது. அது வேறு கதை. தாமதமாகும் வண்டிக்குக்கூட வழி ஒன்று வகுத்து வைத்திருக்கிறார்கள்.

கொச்சியில் நடைபெறும் கருத்தரங்குகளின் அழைப்பில் பெரும்பாலும் காணப்படுவது ஒரே வரி: அருகிலுள்ள விமான நிலையம் நெடும்பாசேரி, வாடகைக் கார் கிடைக்கும். இதை அமைப்பாளர்களின் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. எழுத உட்கார்ந்தால் அந்த வழி எவ்வளவு துண்டுதுண்டாகக் கிடக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியும்.

இடப்பள்ளியிலிருந்து மட்டாஞ்சேரிக்குச் செல்லும் வழியைப் பார்த்தால் இது விளங்கும். இரண்டுக்கும் இடையே தரைவழியில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். சேலத்திலிருந்து கோவை, பாலக்காடு வழியாக வரும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, மேற்குக் கரையோரமாகக் கன்னியாகுமரி செல்லும் 66ஆம் எண் சாலையைச் சந்திக்கும் இடம் இடப்பள்ளி. தமிழ்நாட்டிலிருந்து சாலை வழியாக வருபவர் கொச்சியில் முதலில் காண்பது இந்தச் சந்திப்பின் நெரிசலைத்தான். மட்டாஞ்சேரியோ ஆய்வாளர்கள் தேடிச் செல்லும் ஊர். 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூதர் ஆலயம், அரண்மனைச் சுவரோவியங்கள், கொங்கணி, குஜராத்தி, கச்சி மேமன், தமிழ் பேசும் குடும்பங்கள் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் நிலை, 2012 முதல் நடைபெறும் கொச்சி முசிறி பியனாலே ஆகிய எல்லாம் சில சதுர கிலோமீட்டருக்குள் அடங்கியவை.

வழிகள் இல்லாமல் இல்லை. பேருந்து உண்டு. நகரின் நடுவே புகுந்து, தேவரா, வெண்டுருத்திப் பாலம், வெலிங்டன் தீவு, தோப்பும்படி என்று சுற்றிச் சென்று சேரும். காலையிலும் மாலையிலும் அதன் வேகத்தைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது. கார் வைத்திருப்பவர் புறவழிச் சாலையில் குண்டன்னூர் சென்று, அங்கிருந்து பாலங்கள் வழியே தீவுக்குத் திரும்பலாம். வடக்கே களமசேரியிலிருந்து வல்லார்பாடம் வழியாக வைப்பின் சென்று, வண்டியோடு படகேறி ஃபோர்ட் கொச்சியில் இறங்குவதும் ஒரு வழி. 2015 ஆகஸ்டில் அந்தக் கடவில் பயணியர் படகொன்று மீன்பிடிப் படகு மோதி மூழ்கியதில் 11 பேர் இறந்தனர். வண்டிகளையும் மக்களையும் ஏற்றும் இன்றைய பெரிய படகுகள் 2018இல்தான் வந்தன.

இவற்றையெல்லாம் மாற்றிவிடும் என்று எதிர்பார்க்கப்பட்டவை மெட்ரோ ரயிலும் வாட்டர் மெட்ரோவும். ஆலுவாவிலிருந்து பாலாரிவட்டம் வரையிலான முதல் பகுதி 2017 ஜூனில் திறக்கப்பட்டபோதே இடப்பள்ளிக்கு நிலையம் கிடைத்தது. அடுத்த நிலையத்தின் பெயர் சங்ஙம்புழா பூங்கா. இடப்பள்ளியில் பிறந்த கவிஞரின் பெயர் ரயில் அறிவிப்பில் நாள்தோறும் ஒலிப்பது நல்ல செய்திதான். வாட்டர் மெட்ரோ 2023 ஏப்ரலில் தொடங்கியது. கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் உருவான, 100 பேர் செல்லக்கூடிய, மின்கலத்தில் ஓடும் படகுகள் அவை. 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரி முனையமும் திறக்கப்பட்டது. ஆக, இடப்பள்ளியில் ரயில் ஏறி, உயர் நீதிமன்ற முனையத்தில் படகு மாறி, அரண்மனைக்கு அருகிலேயே இறங்கிவிடலாம். வரைபடத்தில் பார்த்தால் குறையே இல்லை.

குறை வரைபடத்தில் கோடில்லாத இடத்தில் இருக்கிறது. உயர் நீதிமன்றப் படகு முனையத்தின் அருகில் மெட்ரோ நிலையம் கிடையாது. எம்.ஜி. ரோடு நிலையத்தில் இறங்குபவர் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். அல்லது ஆட்டோ பேச வேண்டும். 2025இல் இணைப்புப் பேருந்துகள் விடப்பட்டன. அது சரியான திசையில் ஓர் அடி. ஆனால் ரயில் நேரமும் பேருந்து நேரமும் படகு நேரமும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை அல்ல. மூன்று வாகனங்களுக்கும் தனித்தனியே காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்ப்பவர் மீண்டும் நெரிசல் பேருந்துக்கே திரும்பிவிடுவார். ரயில் நிலையமும் படகு முனையமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இடம் வைட்டிலா. அங்கிருந்து படகு செல்வதோ கிழக்கே காக்கநாட்டுக்கு.

இத்தனைக்கும் இணைப்பு என்பது இந்நகருக்குப் புதிய கருத்தன்று. ஷொர்ணூரிலிருந்து கொச்சி சமஸ்தானம் போட்ட ரயில் பாதை 1902இல் எர்ணாகுளத்தை அடைந்தது. அந்தப் பாதைக்குப் பணம் திரட்ட, திருப்பூணித்துறைப் பூர்ணத்ரயீசர் கோயிலின் பொன் நெற்றிப்பட்டங்களை அரசர் ராமவர்மா விற்றார் என்பது இன்றும் அப்பகுதியில் சொல்லப்படும் செய்தி. பாதை முடிந்த பழைய நிலையம் இருந்தது இன்றைய உயர் நீதிமன்றத்தின் பின்புறத்தில், காயலுக்கு எட்டிய தொலைவில். ரயிலில் வந்தவர் இறங்கி நடந்து படகேறி மட்டாஞ்சேரிக்குப் போனார். மட்டாஞ்சேரிப் பண்டகசாலைச் சரக்கு படகில் வந்து ரயிலேறியது. 1925இல் காந்தி வைக்கம் சென்றதும் எர்ணாகுளம் வரை ரயிலிலும், பிறகு படகிலும்தான். பின்னர் தெற்கில் புதிய சந்திப்பு நிலையம் எழுந்தது; துறைமுகப் பாதை வெலிங்டன் தீவு வரை நீண்டது. பழைய நிலையம் கைவிடப்பட்டுப் புதர் மண்டிப்போயிற்று. 1902இல் ரயிலிலிருந்து படகுக்கு இருந்த தொலைவைவிட இன்று மெட்ரோவிலிருந்து படகுக்கு உள்ள தொலைவு அதிகம்.

இடப்பள்ளிக்கு இன்னொரு ரயில் பாதையும் உண்டு என்பது பலர் நினைவில் இல்லை. இடப்பள்ளியிலிருந்து காயலைக் கடந்து வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையம் வரை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் பாதை 2011இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதிலுள்ள வேம்பநாட்டுப் பாலத்தின் நீளம் 4.62 கிலோமீட்டர், 2018இல் அசாமின் போகிபீல் பாலம் திறக்கப்படும்வரை இந்தியாவின் மிக நீளமான ரயில் பாலம் அதுவே. மேற்குக் கரையை நோக்கித் தண்ணீருக்கு மேலே செல்லும் அந்தப் பாதையில் ஏற இரும்புப் பெட்டகங்களுக்கு மட்டுமே அனுமதி. பெட்டகத்தை எங்கே இறக்கி எதில் ஏற்றுவது என்பதை நிமிடக் கணக்கில் திட்டமிடத் தெரிந்த நாட்டில், மனிதருக்கு அதே கணக்கைப் போட யாரும் முன்வரவில்லை.

வாட்டர் மெட்ரோவுக்குக் கடன் தந்தது ஜெர்மன் அரசின் வளர்ச்சி வங்கியான கே.எஃப்.டபிள்யூ. 78 படகுகள், 38 முனையங்கள், 10 தீவுகள் என்பது திட்டம். படகுக்குப் பணம் தந்த நாட்டில் படகு எப்படி ஓடுகிறது என்பதையும் பார்க்கலாம். ஹம்பர்க் நகரில் ரயில், பேருந்து, துறைமுகப் படகு மூன்றுக்கும் ஒரே கட்டணக் கூட்டமைப்பு 1965இல் உருவாயிற்று. எல்பே ஆற்றில் படகேறுபவர் ரயிலுக்கு எடுத்த சீட்டையே காட்டினால் போதும். கொச்சி வாட்டர் மெட்ரோ தொடங்கி ஒரு வாரத்தில், 2023 மே முதல் நாளில், ஜெர்மனி முழுவதற்குமான மாதச் சீட்டு 49 யூரோவுக்கு நடைமுறைக்கு வந்தது. பின்னர் அதன் விலை உயர்ந்தது, அங்கும் முணுமுணுப்பு உண்டு. ஆனால் ஊர் எல்லை, நிறுவன எல்லை பாராமல் வட்டார ரயிலிலும் பேருந்திலும் அது செல்லுபடியாகிறது. கொச்சியிலோ, ரயிலுக்கும் படகுக்கும் ஒரே அட்டையைப் பயன்படுத்தலாம். கட்டணம் மட்டும் ஒவ்வொரு வாகனத்திலும் புதிதாகத் தொடங்குகிறது. ரயிலில் குறைந்த கட்டணம் 10 ரூபாய், படகில் 20 முதல் 40 வரை, நடுவில் இணைப்புப் பேருந்துக்கு வேறு. கடன் வந்தது, கட்டண முறை வரவில்லை.

மாநில அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் பழைய படகுகளில் கட்டணம் சில ரூபாய்களே. மட்டாஞ்சேரியின் பழைய படகுத்துறை வண்டல் படிந்து, படகு நெருங்க இயலாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. அந்நாளில் வண்டலை அகற்ற வேண்டிப் போராடியவர்கள் அந்த ஊர் மக்கள். களமசேரிப் பல்கலைக்கழகத்திற்கும் மகாராஜா கல்லூரிக்கும் செல்லும் மாணவர்கள், மறுகரையின் கடைகளிலும் மருத்துவமனைகளிலும் வேலை பார்க்கும் பெண்கள், வெண்டுருத்திப் பாலத்தை அடுத்த வாத்துருத்தியில் நெருங்கி வாழும் தமிழ்த் தொழிலாளர் ஆகியோருக்கு ஒரு நாளின் போக்குவரத்துச் செலவு சிறிய தொகை அல்ல. தனியார் பேருந்தில் மாணவர்களின் குறைந்தபட்சச் சலுகைக் கட்டணம் பல ஆண்டுகளாக ஒரு ரூபாயில் நின்றதற்குப் பின்னால் மாணவர் போராட்டங்களின் நீண்ட வரலாறு இருக்கிறது. அந்தச் சலுகை பேருந்தின் படியோடு முடிந்துவிடுகிறது. குளிர்ப்பதனப் படகின் வாயிலில் மாணவரும் சுற்றுலாப் பயணியும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

சுற்றுலாப் பயணியின் பணம் இல்லையெனில் படகை ஓட்ட முடியாது என்று நிர்வாகத் தரப்பில் சொல்லக்கூடும். அதில் உண்மை உண்டு. விடுமுறை நாட்களில் ஃபோர்ட் கொச்சிப் படகுக்கு நிற்கும் வரிசையே சான்று. அப்படியானால் ஒருமுறை வருபவரிடம் முழுக் கட்டணமும் நாள்தோறும் வருபவரிடம் மாதச் சீட்டுமாக வாங்கலாம். ஹம்பர்க் செய்வதும் ஏறக்குறைய இதுவே. இதற்குப் புதிய பாலமோ புதிய கடனோ தேவையில்லை. மெட்ரோ ரயிலையும் வாட்டர் மெட்ரோவையும் நடத்துபவை நெருங்கிய தொடர்புடைய நிறுவனங்கள். இடப்பள்ளியில் எடுத்த சீட்டு மட்டாஞ்சேரி வரை செல்லும் என்று அவை கூடிப் பேசி அறிவிக்கலாம். இணைப்புப் பேருந்தைப் படகு நேரத்துக்கு ஏற்ப விடுவதும் அவ்வாறே. அரசுப் படகையும் தனியார் பேருந்தையும் அதே சீட்டுக்குள் கொண்டுவருவது கடினம். அதற்கு மாநில அரசு இறங்கிவர வேண்டும்.

கொச்சியில் பியனாலேயை ஒட்டியும் பிற காலங்களிலும் கருத்தரங்கு நடத்தும் துறைகள் ஒன்று செய்யலாம். ‘வாடகைக் கார் கிடைக்கும்’ என்ற வரியை எடுத்துவிட்டு, இடப்பள்ளியில் ரயில், எம்.ஜி. ரோட்டில் இறங்கி ஒன்றரை கிலோமீட்டர், பிறகு படகு என்று உள்ளதை உள்ளபடி அழைப்பிதழில் அச்சிடலாம். அந்த ஒன்றரை கிலோமீட்டரை வெளியூர் விருந்தினர் நடந்து வந்து, அமர்வு தொடங்கும் முன்பே அதைப் பற்றிக் கேள்வி எழுப்பட்டும்.